உடலுக்குள் வைக்கும் மெல்லிய பாலிமர் எலெக்ட்ரோடுகள்: எவ்வளவு காலம் தாங்கும், முதலில் எங்கே கெடுகிறது?

கயல்_நியூரோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூளையின் மேற்பரப்பில் படியவைத்து சிக்னல் பதிவு செய்யும் எலெக்ட்ரோடு அரே (எலெக்ட்ரோடுகளின் வரிசை) ஒன்றை எங்கள் லேபில் செய்துகொண்டிருக்கிறோம். அடியில் 5 மைக்ரான் பாரிலீன்-சி (மெல்லிய பாலிமர் பூச்சு), நடுவில் டைட்டானியம் ஒட்டுப்படலத்தோடு பிளாட்டினம் தடங்கள், மேலே இன்னொரு 5 மைக்ரான் பாரிலீன்-சி. வளைத்துப் பார்க்கும் சோதனைகளில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் 67 டிகிரி பிபிஎஸ் (உடல் திரவத்தை ஒத்த உப்புநீர்) கரைசலில் ஊறவைத்தபோது, சில வாரங்களிலேயே அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே இருந்த இன்சுலேஷன் இறங்கிவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தடங்களின் ஓரத்தை ஒட்டியே வானவில் நிறத்தில் வரி வரியாக வளையங்கள். பாரிலீன் கிழியவும் இல்லை, ஊசித்துளை எதுவும் கண்ணில் படவும் இல்லை.

பாரிலீன்-சி 0.1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீரை இழுக்கும் என்று எல்லா டேட்டாஷீட்டும் சொல்கிறது. அப்புறம் ஏன் இப்படி? பாலிஇமைடுக்கு மாறிவிடலாமா, இல்லை பாரிலீனையே இரண்டு மடங்கு தடிமனாக்கலாமா? 67 டிகிரியில் ஒரு மாதம் ஓடினால் உடலுக்குள் எத்தனை மாதம் என்று எடுத்துக்கொள்வது? இந்த மூன்றுக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து பதில் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

மெல்படலம் எழுதியது:

கயல், உங்களுக்கு வேண்டிய பதில் அந்த வானவில் வளையங்களிலேயே இருக்கிறது. ஒளியின் அலைநீளம் அளவுக்கு மெல்லிய இடைவெளி ஒன்று உள்ளே உருவானால்தான் அப்படி நிறம் காட்டும். அதாவது மேல்படலம் தடத்தின் ஓரத்தில் தூக்கிக்கொண்டுவிட்டது. பாரிலீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஒட்டியிருந்த இடம்தான் விட்டுப்போயிருக்கிறது.

பத்து பேரில் ஒன்பது பேர் இந்த இடத்தில் தவறான பக்கம் திரும்பிவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீராவியை முழுக்கத் தடுக்கும் பாலிமர் என்று ஒன்று கிடையாது. உங்கள் 5 மைக்ரான் பாரிலீன் கரைசலில் போட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிடும். ஆனால் பாலிமருக்குள் தனித்தனி மூலக்கூறாக இருக்கும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது. அது ஓரிடத்தில் கூடித் திரவமாக வேண்டும், அதில் அயனிகளும் வேண்டும். படலமும் உலோகமும் அணுவுக்கு அணு ஒட்டியிருக்கும் இடத்தில் திரவம் கூட வழியில்லை. சின்ன வெற்றிடம் ஒன்று இருந்தால் போதும், நீராவி அங்கே துளியாகிவிடும். அந்த இடத்தில் செயல்முறையில் தங்கிய உப்போ ரெசிஸ்ட் (தடம் வரையப் போடும் பூச்சு) மிச்சமோ இருந்தால் இன்னும் மோசம். துளி அதைக் கரைத்து அடர்கரைசலாகிவிடும், வெளியிலிருந்து மேலும் தண்ணீர் ஆஸ்மாசிஸ் அழுத்தத்தோடு உள்ளே வரும், படலம் கொப்புளம்போல் எழும்பும். எழும்பிய விளிம்பில் ஒட்டு மேலும் பிரியும்.

இதற்கு நல்ல சான்று சிலிக்கோன். நீராவியை விடும் விஷயத்தில் பாரிலீனைவிடப் பல மடங்கு தாராளமானது அது. அப்படியிருந்தும், 1970களின் பிற்பகுதியில் ஜைல்ஸ் பிரிண்ட்லி தொடங்கிவைத்த, முதுகுத்தண்டு நரம்பு வேர்களைத் தூண்டும் சிலிக்கோன் பொதிந்த கருவிகள் பலருடைய உடலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கின்றன. காரணம், வெற்றிடம் இல்லாமல் நிரப்பப்பட்ட சிலிக்கோன் சுத்தமான மேற்பரப்போடு வேதிப்பிணைப்பில் ஒட்டியிருந்ததுதான். ஈரம் உள்ளே போனது, ஆனால் அதற்குத் தங்க இடம் கிடைக்கவில்லை.

ஆகவே முதலில் இதைச் சொல்லுங்கள்: ஏ-174 சிலேன் (ஒட்டுக்கு உதவும் வேதிப்பொருள்) எந்தக் கட்டத்தில் போடுகிறீர்கள்? இரண்டாவது பாரிலீனுக்கு முன் பிளாஸ்மா (மின்னூட்டிய வாயுவால் பரப்பைத் தயார்செய்வது) உண்டா? கடைசியில் அனீல் (சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது) செய்கிறீர்களா? லிஃப்ட்-ஆஃப் (தேவையற்ற உலோகத்தைக் கரைப்பானில் உரித்தெடுப்பது) முடிந்ததும் எப்படிக் கழுவுகிறீர்கள்?

கயல்_நியூரோ எழுதியது:

மிக்க நன்றி. நாங்கள் பின்பற்றுவது லேபில் ஏற்கெனவே இருக்கும் செய்முறை. சிலேன் அதில் இல்லை, முதல் பாரிலீன் நேரடியாக வேஃபர் (சிலிக்கன் தட்டு) மேல் படிகிறது. லிஃப்ட்-ஆஃப் அசிட்டோனில், பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், அதன்பின் நேராக இரண்டாவது பாரிலீன். பிளாஸ்மாவோ அனீலோ கிடையாது.

மெல்படலம் எழுதியது:

சரி, இப்போது படம் தெளிவாகிறது. பாரிலீன் ஆவியாக வந்து, அறை வெப்பநிலையில் இருக்கும் பரப்பின் மேல் பாலிமராகும் பொருள். எந்தச் சந்து பொந்திலும் ஒரே தடிமனில் படியும் என்பது அதன் பெரிய பலம். பலவீனமும் அதிலேயே இருக்கிறது: கீழே இருக்கும் பரப்போடு வேதிப்பிணைப்பு எதுவும் போட்டுக்கொள்ளாமல் மேலே உட்கார்ந்துகொள்ளும். பாரிலீன் மேல் பாரிலீன் போட்டாலும் இதே கதைதான். பிளாட்டினமோ யாரோடும் சேராத உலோகம். கீழே டைட்டானியம் பிடித்துக்கொள்கிறது, சரி. மேல்பக்கத்தில் பிளாட்டினத்தையும் பாரிலீனையும் பிடித்துவைக்க உங்கள் அடுக்கில் எதுவுமே இல்லை.

முதல் பாரிலீனின் பரப்பை ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் சற்றுச் சொரசொரப்பாக்குங்கள். கரைப்பான்களுக்குப் பிறகு அயனி நீக்கிய நீரில் நன்றாக அலசி, வெற்றிடத்தில் சூடேற்றி உலர்த்திவிட்டு மேல்படலம் போடுங்கள். முழுச் சாதனத்தையும் வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ 200 டிகிரியில் சில மணி நேரம் அனீல் செய்யுங்கள். இரண்டு பாரிலீன் அடுக்குகளின் சங்கிலிகளும் எல்லையில் கலந்துகொள்ள அது வழிவிடும். காற்றில் மட்டும் செய்யவே கூடாது, ஆக்ஸிஜனேற்றத்தில் படலம் கெட்டுப்போகும். அனீலுக்கு ஒரு விலையும் உண்டு. படிகத்தன்மை கூடிப் படலம் முன்னைவிட நொறுங்கும் குணத்துக்கு வரும், கொஞ்சம் சுருளவும் செய்யும். உங்கள் வளைப்பு சோதனையை அனீலுக்குப் பிறகு திரும்பச் செய்தாக வேண்டும்.

தடிமனை இரண்டு மடங்காக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படலம் முழுக்க ஈரம் நிறைவதற்கு ஆகும் நேரம் நான்கு மடங்காகும், அவ்வளவுதான். சில மணி நேரத்தை நான்கால் பெருக்கினால் என்ன கிடைத்துவிடப் போகிறது? ஆனால் வளைவிறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது எட்டு மடங்கு. எந்த மென்மைக்காக இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதையே இழந்துவிடுவீர்கள்.

வேதிமுனை எழுதியது:

பாலிஇமைடு பற்றி நான் சேர்க்கிறேன். "பாலிஇமைடு" என்று ஒரே பொருள் இருப்பதுபோல் பேசுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. அது ஒரு குடும்பம். பி.எம்.டி.ஏ, ஓ.டி.ஏ என்ற இரு மூலப்பொருள்களால் ஆன கேப்டன் (Kapton) நிறைவு நிலையில் 2.8 சதவீதம் வரை ஈரம் இழுக்கும், நீராற்பகுப்புக்கும் ஆளாகும். விமானங்களின் கம்பிகளில் கேப்டன் இன்சுலேஷன் ஈரத்தில் விரிசல் விட்டதும், 1980களில் அமெரிக்கக் கடற்படை அதைப் புதிய விமானங்களிலிருந்து விலக்கியதும் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

நரம்பு எலெக்ட்ரோடுகளுக்குப் பயன்படுவது பி.பி.டி.ஏ-பி.பி.டி வகை. பி.ஐ.2611, யூபிலெக்ஸ்-எஸ் இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. சங்கிலிகள் விறைப்பாக நெருங்கி அடுக்கியிருப்பதால் பி.ஐ.2611ல் ஈரம் சுமார் 0.5 சதவீதத்தில் நின்றுவிடும். 2010ல் ரூபென், ஸ்டீக்லிட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில் பாலிஇமைடு படலங்களை 37, 60, 85 டிகிரி பிபிஎஸ்ஸில் 20 மாதங்கள் வைத்தார்கள். இந்த வகைப் படலங்களில் 37, 60 டிகிரியில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இதைப் படித்துவிட்டு "பாலிஇமைடு போதும்" என்று கிளம்பிவிடவும் வேண்டாம். அங்கே ஊறியது வெறும் படலம், உள்ளே உலோகம் இல்லை. பிளாட்டினம் பாலிஇமைடோடும் ஒழுங்காக ஒட்டாது. அதற்காகத்தான் இடையில் சிலிக்கன் கார்பைடு, வைரம்போன்ற கார்பன் படலங்களைப் போடும் முறை வந்தது. பாலிஇமைடின் நிஜமான அனுகூலம் வேறு: முதல் அடுக்கை முழுதாக வேகவிடாமல், பரப்பை ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் தயார்செய்து, அதன்மேல் இரண்டாவதை ஊற்றி இரண்டையும் சேர்த்து 400 டிகிரியை ஒட்டி இமைடாக்கினால், அடுக்கெல்லை கிட்டத்தட்ட மறைந்துபோகும். பாரிலீனில் இதை அனீல் செய்துதான் ஓரளவு எட்ட முடியும்.

எல்.சி.பி. (திரவப்படிக பாலிமர்) பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஈரம் 0.04 சதவீதம்தான், உருக்கினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம். ஆனால் படலங்கள் பெரும்பாலும் 25 மைக்ரானிலிருந்துதான் கிடைக்கின்றன, அந்த வெப்பத்தில் அழுத்தும்போது நுண்தடங்கள் நகர்ந்துவிடும். விழித்திரைக்கான கருவிகளில் நன்றாகப் பொருந்துகிறது. உங்கள் தேவைக்குத் தடிமன் அதிகம்.

ஆர்வமுள்ளவன் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. மூளைத் திசுவின் விறைப்பு சில கிலோபாஸ்கல், பாலிஇமைடு 8.5 கிகாபாஸ்கல். ஏன் எல்லோரும் சிலிக்கோனுக்கே போகவில்லை? அது 1 மெகாபாஸ்கல் அளவில்தானே இருக்கிறது?

மெல்படலம் எழுதியது:

நல்ல கேள்வி. பொருளின் விறைப்பை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். வளைவிறைப்பு என்பது பொருளின் விறைப்பு பெருக்கல் தடிமனின் மூன்றாம் அடுக்கு. 2015ல் வெளிவந்த இ-டியூரா என்ற சிலிக்கோன் முதுகுத்தண்டு அரே 120 மைக்ரான் தடிமன். அதே தடிமனில் 1 மெகாபாஸ்கல் சிலிக்கோனையும், 5 மைக்ரான் தடிமனில் 8.5 கிகாபாஸ்கல் பாலிஇமைடையும் போட்டுக் கணக்கிடுங்கள். வளைவதில் பாலிஇமைடுதான் சற்று இலகுவாக வரும்! இழுத்து நீட்டுவதில்தான் அது முந்நூறு மடங்குக்கு மேல் விறைப்பு. ஆகவே உடல் அசையும்போது நீண்டு சுருங்கும் முதுகுத்தண்டுக்குச் சிலிக்கோன் தேவைப்படுகிறது. மூளை மடிப்பின் மேல் படிந்து வளைந்தால் போதும் என்னும் இடத்தில் மெல்லிய பாலிஇமைடோ பாரிலீனோ தாராளமாகப் போதும்.

சிலிக்கோனில் உலோகத்தடம் படியவைத்து, அது நீளும்போது அறாமல் பார்த்துக்கொள்வது தனிப் பெரும்பாடு. அதற்கே இன்னொரு விவாத இழை தொடங்க வேண்டியிருக்கும்.

லீடு_வேலை எழுதியது:

நான் இதய பேஸ்மேக்கர் லீடுகளின் (இதயத்துக்குப் போகும் காப்பிட்ட கம்பிகள்) சோதனைப் பக்கத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறவன். இங்கே எல்லோரும் பிபிஎஸ்ஸிலேயே நிற்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

எங்கள் துறை பட்ட அடி 80ஏ வகை பாலியூரித்தேன். சிலிக்கோனைவிட வலு, வழுக்கும் தன்மை நல்லது, லீடை மெல்லிதாக்கலாம் என்று கொண்டாடி வைத்தார்கள். உப்புக்கரைசலில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உடலுக்குள் போனபின், 1980களில், இரண்டு விதமாக விரிசல் விட்டது. ஒன்று வெளியிலிருந்து: மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்பு செல்கள் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஆக்ஸிஜனேற்றிகளைச் சுரக்க, ஏற்கெனவே இழுவையில் இருந்த இடங்கள் வெடித்தன. மற்றது உள்ளிருந்து: ஊடுருவி வந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கடத்தியில் இருந்த வெள்ளி, கோபால்ட் போன்ற உலோகங்களோடு வினைபுரிய, பாலிமரின் ஈத்தர் பகுதிகள் அறுந்தன. இழுவை, செல்கள், உலோக அயனி எல்லாம் சேர்ந்தபோது வந்த கோளாறு இது. பாலிமரை மட்டும் உப்புநீரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பே இருந்திருக்காது.

உங்கள் அரே மூளையில் வைக்கப்படும். வைக்கும்போது காயம், அதன்பின் மைக்ரோக்ளியா (மூளையின் நோயெதிர்ப்பு செல்கள்) திரண்டு வரும், அவையும் இதே ஆக்ஸிஜனேற்றிகளைத்தான் சுரக்கும். அதனால் பிபிஎஸ்ஸோடு 10 முதல் 20 மில்லிமோலார் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்த சோதனையும் அவசியம். தக்மாகோவ் குழு 2015ல் இதை 87 டிகிரியில் செய்து காட்டியது. பெராக்சைடு வெப்பத்தில் சிதைந்துகொண்டே இருக்கும் என்பதால் அளவைத் தொடர்ந்து நிரப்ப வேண்டும். காலையில் ஊற்றிவிட்டு மறந்தால் மாலையில் வெறும் பிபிஎஸ்தான் இருக்கும்.

துரிதம் எழுதியது:

87 டிகிரியில் ஓட்டினால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு மடங்கு என்ற கணக்கில் 32 மடங்கு வேகம். 67ல் 8 மடங்குதான். ஆராய்ச்சி மாணவருக்கு நேரம்தான் முதல். நேராக 87க்குப் போகலாமே, கயல்?

வேதிமுனை எழுதியது:

துரிதம், அந்த "பத்துக்கு இரண்டு" ஒரு கைக்கணக்கு. ஒரே வினை, வேகம் மட்டும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால்தான் அது பொருந்தும். பாரிலீன்-சியின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை 90 டிகிரியை ஒட்டி வருகிறது. 87ல் வைத்தால் அதன் வாசலிலேயே நிறுத்துகிறோம். சங்கிலிகள் அசையத் தொடங்கும், உள் இழுவை தளரும், உலோகத்துக்கும் பாலிமருக்கும் வெப்ப விரிவு வித்தியாசம் கூடும். 37 டிகிரி உடலில் ஒருபோதும் நடக்காத கோளாறு அங்கே தோன்றலாம். உடலில் நடக்கப்போகும் ஒன்று அங்கே மறைந்துபோகவும் கூடும்.

ஒரே வெப்பநிலையில் ஓட்டிவிட்டு எட்டால் பெருக்கிக் காலம் சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. 37, 52, 67 என்று மூன்றிலும் வைத்து, கெட்டுப்போகும் விதம் மூன்றிலும் ஒன்றே என்று மைக்ரோஸ்கோப்பில் உறுதிசெய்தபின் ஆர்ரீனியஸ் கோடு (வெப்பநிலையோடு வேகம் மாறுவதைக் காட்டுவது) வரைந்தால்தான் அதற்கு மதிப்பு. கயலின் கேள்விக்கு நேர் பதில்: 67ல் ஒரு மாதம் என்பது உடல் வெப்பநிலையில் சுமார் எட்டு மாதம், அதுவும் வெப்பத்தால் வரும் பங்குக்கு மட்டும். லீடு_வேலை சொன்ன செல்களும் இழுவையும் அந்த எட்டில் இல்லை.

இளவேனில் எழுதியது:

நான் பதிவு எடுக்கும் பக்கம். இரண்டு விஷயம்.

பொருளை எவ்வளவு மெருகேற்றினாலும் கனெக்டரை மறந்தால் எல்லாம் வீண். குரங்குகளில் வைத்த 78 சிலிக்கன் அரேக்களை அலசி 2013ல் வந்த ஆய்வில், தோல்விகளில் பாதிக்கு மேல் முதல் வருடத்துக்குள். மிக அதிகமாக இருந்த வகை இயந்திரக் கோளாறு, அதிலும் பெரும்பகுதி கனெக்டரில். 2024ல் நியூராலிங்க் முதல் மனிதருக்கு வைத்த பாலிஇமைடு இழைகளில் பல பின்வாங்கிய செய்தியைப் பார்த்திருப்பீர்கள்; அங்கே சொல்லப்பட்டது இழைகள் திசுவிலிருந்து வெளியே வந்தது, பாலிமர் கெட்டது அல்ல. "நீடித்து உழைக்கும்" என்பதில் இதெல்லாமும் சேர்த்தி.

இன்னொன்று இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மின்தடை). 1 கிலோஹெர்ட்ஸில் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு முடிவுகட்டாதீர்கள். இன்சுலேஷன் கசிந்தால் எண் இறங்கும், எலெக்ட்ரோடைச் சுற்றித் திசு மூடினால் ஏறும். இரண்டும் சேர்ந்து நடந்தால் எண் அசையாமல் அழகாக நிற்கும். அதிர்வெண் முழுக்க, முக்கியமாகக் கீழ்ப்பக்கம், கட்டக்கோணத்தையும் (ஃபேஸ்) சேர்த்துப் பாருங்கள்.

ஆர்வமுள்ளவன் எழுதியது:

அப்படியென்றால் மெல்லிய பாலிமர் அரே மனிதருக்குள் வருடக்கணக்கில் இருந்ததே இல்லையா?

மெல்படலம் எழுதியது:

இருந்திருக்கிறது. ஆர்கஸ்-2 விழித்திரைக் கருவியின் 60 எலெக்ட்ரோடு அரே பாலிஇமைடு மேல் செய்ததுதான். பலருக்கு ஐந்து ஆண்டு தாண்டியும் அது வேலை செய்தது. இன்னொரு பக்கம், 2025ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்த 1024 எலெக்ட்ரோடு கொண்ட மெல்லிய மூளைப் படலம் 30 நாள் வரைக்கும்தான். 30 நாளைத் தாண்டினால் நீண்டகாலத் தொடர்பு என்ற பிரிவுக்குப் போகிறது, அதற்குக் கேட்கப்படும் சான்றுகளும் வேறு அளவு. ஒரு நோயாளியின் தலையைத் திறந்து வைக்கப்போகும் பொருள். அந்தக் கண்டிப்பு இருக்கத்தான் வேண்டும்.

கயல்_நியூரோ எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படித் திட்டமிடுகிறேன்: எலெக்ட்ரோடு திறப்பே இல்லாத, சீப்புப் பற்கள்போல் கோத்த தடங்களை மட்டும் கொண்ட சோதனைத் துண்டுகள். பழைய செய்முறை, பிளாஸ்மா மட்டும், பிளாஸ்மாவோடு அனீல், இவற்றோடு பி.பி.டி.ஏ-பி.பி.டி பாலிஇமைடு. மூன்று வெப்பநிலையிலும் பிபிஎஸ். 67ல் மட்டும் பெராக்சைடு சேர்த்த தனித் தொகுதி. தடங்களுக்கு இடையே தொடர்ந்து ஒரு மின்னழுத்தம் கொடுத்தும் சில துண்டுகள். மேலே சில பத்து நானோமீட்டர் அலுமினா படலம் சேர்க்கலாமா என்றும் யோசனை இருக்கிறது.

மெல்படலம் எழுதியது:

திட்டம் நன்றாக இருக்கிறது. அலுமினாவை இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம். ஈரத்தை அருமையாகத் தடுக்கும், ஆனால் தண்ணீரில் தானே மெல்லக் கரையும். மேலே பாரிலீன் மூடியாக இருந்தால்தான் நிற்கும், வளைத்தால் விரிசலும் விடும். இப்போதே சேர்த்தால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். மின்னழுத்தம் கொடுக்கும் துண்டுகளை மட்டும் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். அங்கே கரையும் உலோகம் மற்றவற்றைக் கெடுக்கக் கூடாது.

புதிதாக எதையும் செய்வதற்கு முன் இப்போது கையில் இருக்கும் கெட்ட துண்டுகளில் ஒன்றை எடுங்கள். அரே கரைசலுக்குள்ளேயே இருக்கட்டும். கனெக்டர் முனையை மட்டும் அயனி நீக்கிய நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, உடனே இன்சுலேஷனை அளந்து பாருங்கள். எண் மேலே ஏறினால் கசிவில் ஒரு பங்கு கனெக்டரில் படிந்த ஈரத்தால் வந்தது. ஏறவில்லை என்றால் வளையம் தெரிந்த தடத்தைக் குறுக்காக வெட்டி எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள், பிளாட்டினத்தின் மேல்பக்கமா, இரண்டு பாரிலீனுக்கு நடுவிலா, எங்கே பிரிந்தது என்று அதில் தெரிந்துவிடும். படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.